பாதியில் நிற்காத சுவிட்ச்

டி.சி. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசப் போகிறேன். கேட்டதும் கல்லூரிச் சமாசாரம் போலத் தோன்றும். ஆனால் நம் இடையஞ்சாவடி வட்டாரத்தில் அந்த மோட்டார் நுழையாத தெரு கிடையாது. முந்திரிக்கு மருந்தடிக்கும் பேட்டரித் தெளிப்பானின் அடியில் 12 வோல்ட் மோட்டார் ஒன்று சின்ன பம்பை ஓட்டுகிறது. ஆரோவில் சாலையில் சத்தமில்லாமல் போகும் மின்ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குள் அதன் பங்காளி ஒன்று சுற்றுகிறது. புதிதாக வாங்கும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மின்விசிறிக்குள் இன்னொன்று. தெளிப்பானில் ஒரு குமிழ் இருக்கும்; திருகினால் பீய்ச்சல் கூடும், குறையும். ஸ்கூட்டரில் கைப்பிடி. விசிறிக்கு ரிமோட். இவை மூன்றுக்கும் பின்னால் நடப்பது ஒரே வேலை. பாடநூல் அதைத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்கிறது, கடைத்தெருவில் பி.டபிள்யூ.எம். அதைப் பற்றி நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மோட்டாரின் வேகம் பாதியாக வேண்டுமானால் மின்சாரத்தைப் பாதியளவு மறித்துக்கொண்டு நிற்கக் கூடாது. முழுதாகத் திறக்க வேண்டும், முழுதாக மூட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் தங்கவே கூடாது. வீணும் சூடும் பழுதும் அந்த நடுவில்தான் இருக்கின்றன. இந்தக் கடற்கரையின் உப்புக் காற்று கருவிகளைச் சாகடிப்பதாக நாம் சொல்லும் குறையில் ஒரு பெரும்பங்கும் அந்த நடுவிலேயே போய் முடிகிறது.

முதலில் மோட்டாரின் சுபாவத்தைப் பார்ப்போம். காந்தப்புலத்தில் சுற்றும் கம்பிச்சுருள் சும்மா சுற்றுவதில்லை. சுற்றும்போதே தானும் ஒரு டைனமோவாகி மின்னழுத்தம் உண்டாக்குகிறது. அந்த அழுத்தம் பேட்டரியை எதிர்த்து நிற்பதால் அதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். 24 வோல்ட் பேட்டரியில் இணைத்த மோட்டார், தன் எதிர்விசை 24 வோல்ட்டை நெருங்கும் வரை வேகம் எடுக்கும், அதற்குமேல் போகாது. மீதமிருக்கும் சொற்ப வித்தியாசம்தான் சுருளின் வழியே மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. பாரம் கூடினால் மோட்டார் சற்றே தளர்கிறது, வித்தியாசம் கூடுகிறது, கூடுதல் ஆம்பியர் உள்ளே வருகிறது. ஆக, வேகத்தை முடிவு செய்வது நாம் தரும் வோல்ட். ஆம்பியரை முடிவு செய்வது அதன் தலையில் ஏற்றியிருக்கும் பாரம். இந்த இரண்டும் மனத்தில் பதிந்துவிட்டால் மிச்சம் எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

வேகத்தைப் பாதியாக்கும் பழைய வழி, மோட்டாருக்கு முன்னால் ஓர் எதிர்ப்புக் கம்பியைத் தொடராக வைப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 வோல்ட் பேட்டரி. மோட்டார் தன் பாரத்தோடு 10 ஆம்பியர் எடுக்கிறது. மேடேறும் வண்டியும் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் தெளிப்பான் பம்பும் போல, வேகம் குறைந்தாலும் பாரம் குறையாத வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேகத்துக்கு மோட்டாருக்குச் சுமார் 12 வோல்ட் போதும். ஆனால் ஆம்பியர் அதே 10. மிச்ச 12 வோல்ட்டை எதிர்ப்புக் கம்பி விழுங்க வேண்டும்: 12 பெருக்கல் 10, அதாவது 120 வாட். மோட்டார் எடுப்பதும் 120 வாட். பேட்டரி கொடுத்த 240 வாட்டில் சரிபாதி, ஒரு வேலையும் செய்யாமல், கம்பியைச் சிவக்க வைத்துவிட்டுப் போகிறது. வேகம் பாதியானது; செலவு ஒரு வாட்கூடக் குறையவில்லை. கால்வேகத்துக்குப் போனால் கதை இன்னும் மோசம்: முக்கால் பங்கு கம்பிக்கு, கால் பங்கு வேலைக்கு.

இது அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கி 1953 வரை ஓடிய மின்சார டிராம்களும், 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1500 வோல்ட் டி.சி.யில் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்ரயில்களும் இந்த மோட்டார் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அந்த வகை வண்டிகளின் ஓட்டுநர் கைப்பிடியில் பல படிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்புக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கும் படிகள். வண்டி கிளம்பும் சில நொடிகளுக்கு மட்டும் உரியவை. அந்தப் படியிலேயே கைப்பிடியை வைத்து ஓட்டிக்கொண்டு போனால் கம்பி எரிந்துவிடும். நிலையாக ஓடலாம் என்று அனுமதித்த படிகள் பெரும்பாலும் இரண்டே: மோட்டார்களைத் தொடராக இணைத்து ஆளுக்குப் பாதி வோல்ட் கொடுப்பது ஒன்று, இணையாக இணைத்து ஆளுக்கு முழு வோல்ட் கொடுப்பது மற்றொன்று. இரண்டிலும் எதிர்ப்பு இல்லை, வீண் இல்லை. நடுப்படி கடந்து போவதற்குரியது, தங்குவதற்குரியதல்ல என்பதை அந்தக் கைப்பிடியே அறிந்திருந்தது. அமெரிக்கரான வார்டு லியோனார்டு 1891 வாக்கில் வேறொரு வழி கண்டார். மோட்டாரின் வேகத்தை மாற்ற, அதற்கென்றே தனி ஜெனரேட்டர் ஒன்றை ஓட்டி, அதன் வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பது அவர் முறை. மிக நேர்த்தியாக வேலை செய்யும். லிஃப்டுகளிலும் சுரங்கங்களிலும் பல பத்தாண்டுகள் அதுதான் அரசாண்டது. ஒரு மோட்டாரை ஆள இன்னும் இரண்டு இயந்திரங்கள் வேண்டும் என்பது மட்டும்தான் அதன் குறை. தெளிப்பானை முதுகில் சுமப்பவரிடம் அதைச் சொல்ல முடியாது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு சுவிட்சை வையுங்கள். குழாயைப் போல அதை நொடிக்கு 20,000 தடவை திறந்து மூடுங்கள். ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோநொடி. அதில் 25 திறந்தும் 25 மூடியும் இருந்தால் மோட்டார் காணும் சராசரி 12 வோல்ட். 10 மட்டும் திறந்தால் 4.8 வோல்ட், 40 திறந்தால் 19.2. குமிழ் மாற்றுவது இந்தப் பங்கீட்டை மட்டுமே. மோட்டார் ஏன் அதிர்ந்து அதிர்ந்து ஓடுவதில்லை என்று கேட்கலாம். சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நின்றுவிடாது. சுருளின் தூண்டம் அதை விடாது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் ஃப்ரீவீல் சுற்ற, வண்டி ஓடிக்கொண்டே இருப்பதைப் போல, சுவிட்ச் மூடிய நேரத்திலும் அந்த 10 ஆம்பியர் ஓடியே தீரும். அது ஓடுவதற்கு ஒரு வழி தர வேண்டும். மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாகப் போட்டால் அதுவே வழி. அதற்குப் பெயரே ஃப்ரீவீல் டையோடு. ஆக மோட்டாருக்குள் இடைவிடாமல் 10 ஆம்பியர். பேட்டரியிலிருந்து பாதி நேரம் மட்டும் 10 ஆம்பியர், சராசரி 5. பேட்டரி தருவது 24 பெருக்கல் 5, 120 வாட். மோட்டார் எடுப்பதும் ஏறக்குறைய அதே. எதிர்ப்புக் கம்பியில் எரிந்த 120 வாட் இங்கே எரியவே இல்லை. பேட்டரியை விட்டே அது கிளம்பவில்லை.

ஏறக்குறைய என்றேன், மிச்சக் கணக்கையும் போட்டுவிடுவோம். நம் சுவிட்சாக, சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும் ஐ.ஆர்.எஃப். இசட்44என் என்ற மாஸ்ஃபெட் சில்லை எடுத்துக்கொள்வோம். முழுதாகத் திறந்த நிலையில் அதன் எதிர்ப்பு 17.5 மில்லிஓம். 10 ஆம்பியர் பாதி நேரம் ஓடினால் அதில் வீணாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. முழுதாக மூடிய நிலையில் மின்னோட்டமே இல்லை, வீணும் இல்லை. ஃப்ரீவீலுக்குப் போட்ட ஷாட்கி டையோடு அரை வோல்ட்டை விழுங்கும், அதற்கு 2.5 வாட். மிஞ்சியது, திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் கழியும் கணநேரம். அங்கேதான் வோல்ட்டும் இருக்கிறது, ஆம்பியரும் இருக்கிறது. இரண்டும் பெருகி மாஸ்ஃபெட்டைச் சுடுகின்றன. மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால் கேட்; அது ஒரு சின்ன கெபாசிட்டர் போன்றது. இந்தச் சில்லுக்குச் சுமார் 60 நானோகூலோம் மின்னூட்டம் நிரப்பினால்தான் முழுதாகத் திறக்கும். கன்ட்ரோலர் சில்லின் காலிலிருந்து நேராக 20 மில்லிஆம்பியர் கொடுத்து நிரப்பினால் 3 மைக்ரோநொடி பிடிக்கும். திறக்க 3, மூட 3. அவ்வளவும் மாறும் நேரம் என்று கொண்டால், நொடிக்கு 20,000 தடவையில் 14 வாட்டுக்கு மேல் அந்த நடுவில் எரிகிறது. இடையில் ஒரு டிரைவர் சில்லை வைத்து 1 ஆம்பியர் கொடுத்தால் 60 நானோநொடியில் வேலை முடியும், வீண் 0.3 வாட்டுக்கு இறங்கும். அதே மாஸ்ஃபெட், அதே மோட்டார். ஒன்று கைசுடும், மற்றது வெதுவெதுப்பாக இருக்கும். வேறுபாடு நடுவில் எவ்வளவு நேரம் நின்றது என்பது மட்டுமே. 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இயங்கும் போர்டுகளை வாங்கி இந்த மாஸ்ஃபெட்டோடு நேராக இணைத்துவிட்டு, சில்லு மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு. முழுதாகத் திறக்க அதற்கு 10 வோல்ட் கேட்கிறது. 5 கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து நடுவில் நிற்கும். கடைக்காரர் மேல் குற்றமில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எதிர்ப்புக் கம்பி வைத்த பழைய ஃபேன் ரெகுலேட்டர் தமிழ்நாடு முழுக்க பல பத்தாண்டு ஓடியதே. அதில் இவ்வளவு வீண் இருந்திருந்தால் பெட்டி வெந்து போயிருக்காதா? ஆட்சேபம் சரி. விசிறியின் பாரம் வண்டியின் பாரத்தைப் போன்றதல்ல. காற்றைத் தள்ளும் பாரம் வேகத்தின் வர்க்கமாகக் குறையும். நம் 24 வோல்ட் மோட்டாரையே விசிறி ஓட்ட வைத்தால், பாதி வேகத்தில் அதற்கு 10 ஆம்பியர் வேண்டாம், 2.5 போதும். மோட்டாருக்கு 30 வாட், எதிர்ப்புக்கு 30 வாட், மொத்தம் 60. முழுவேகத்தில் 240 எடுத்தது 60 ஆகிவிட்டது. ஆகவே, ரெகுலேட்டரைக் குறைத்தாலும் கரண்ட் பில் அதேதான் என்று வீடுகளில் சொல்லும் பேச்சு விசிறியைப் பொறுத்தவரை பொய். நம் வீட்டு ஏ.சி. விசிறியின் இயக்கம் வேறு, கணக்கும் கொஞ்சம் வேறு. ஆனால் முடிவு இந்தப் பக்கமாகவே சாயும். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் 60இல் பாதி வீண் என்பது அப்படியே நிற்கிறது. துடிப்பு முறையில் அது 30ஐ ஒட்டியே இருக்கும். பாரம் குறையாத வேலைகளில் இந்த முறையின் லாபம் பெரிது, விசிறியில் சிறிது. எல்லா இடத்திலும் ஒரே அளவு மிச்சம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

மிச்சத்தைவிடவும் முக்கியமான குறை ஒன்று எதிர்ப்பு முறைக்கு உண்டு. அது வேகத்தைப் பிடித்து வைக்காது. 10 ஆம்பியருக்கு அளந்து வைத்த எதிர்ப்பு, பாரம் கூடி 15 ஆம்பியர் ஆனால் 18 வோல்ட்டை விழுங்கிவிடும். மோட்டாருக்கு 6தான் மிஞ்சும். எந்த நேரத்தில் மோட்டாருக்கு வலு வேண்டுமோ அந்த நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். துடிப்பு முறையில் சராசரி வோல்ட் பாரத்தைப் பார்த்து மாறுவதில்லை; மோட்டார் தனக்கு வேண்டிய ஆம்பியரைத் தானே எடுத்துக்கொள்ளும். இன்னொரு படி மேலே போகலாம். மோட்டாருக்குள் 10 ஆம்பியர், பேட்டரியிலிருந்து 5 என்று பார்த்தோமே, அந்தப் பெருக்கல் சூரிய பம்புகளில் பெரிய காரியம் செய்கிறது. காலை 7 மணி வெயிலில் ஒரு பலகை 30 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் தருகிறது என்று வைப்போம். நின்றிருக்கும் பம்பைக் கிளப்ப 5 ஆம்பியர் வேண்டும். வோல்ட் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நேராக இணைத்தால் பம்பு அசையாது. வெயில் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு துடிப்புச் சர்க்யூட்டும், பலகைப் பக்கம் ஒரு நல்ல கெபாசிட்டரும் இருந்தால் 30 வோல்ட் 2 ஆம்பியர், 11 வோல்ட் 5 ஆம்பியராக மாறி உள்ளே போகும். பம்பு மெதுவாகவேனும் கிளம்பும். கரண்ட் பூஸ்டர் என்று விற்பது இதைத்தான். எந்த எதிர்ப்புக் கம்பியாலும் உள்ளே வந்ததைவிட அதிக ஆம்பியரை வெளியே தர முடியாது. ஆரோவில்லிலிருந்து இயங்கிய ஆரோர் அமைப்பு 2004இல் ஆஷ்டன் விருது பெற்றபோது அதன் பணிகளில் சூரிய பம்புகளும் இருந்தன. இந்த வட்டாரத்துக்குச் சூரிய பம்பு நேற்று வந்த விருந்தாளி அல்ல.

அடுத்த ஆட்சேபம் காதுக்குரியது. இப்படி வெட்டி வெட்டிக் கொடுத்தால் மோட்டார் கீச்சிடுகிறது, பக்கத்தில் ரேடியோ இரைகிறது, சுருள் சூடாகிறது என்கிறார்கள். மூன்றுமே நடக்கும், மூன்றுக்கும் காரணம் துடிப்பின் எண்ணிக்கையைத் தவறாகத் தேர்ந்ததும் வயரை அலட்சியமாக இழுத்ததும். நொடிக்கு 100 தடவை வெட்டினால், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் சுருளின் மின்னோட்டம் செத்துவிட நேரம் கிடைத்துவிடும். சராசரி 10 ஆம்பியர் வேண்டுமானால் பாதி நேரத்தில் 20 ஓட வேண்டும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20இன் வர்க்கம் 400, அதில் பாதி 200. ஒரே சீராக 10 ஓடியிருந்தால் 100. ஒரே வேலைக்கு இரட்டைச் சூடு. சில ஆயிரம் தடவை வெட்டினால் மின்னோட்டம் சீராகும், ஆனால் அந்த ஒலி நேராக நம் காதுக்குள் வந்து விழும். 20,000 அருகே போனால் மனிதக் காது கைவிட்டுவிடும். நாய்க்குக் கேட்கலாம். அதற்கும் மேலே ஏற்றினால் லாபம் இல்லை. ஒவ்வொரு மாறுதலுக்கும் நடுவில் கொஞ்சம் எரிகிறது என்று பார்த்தோமே, எண்ணிக்கை கூடினால் அந்த வீண் அதே விகிதத்தில் கூடும். ரேடியோ இரைச்சலுக்கு மருந்து எளிது: கன்ட்ரோலரை மோட்டாரை ஒட்டி வையுங்கள், இரண்டு வயரையும் முறுக்கி விடுங்கள், பேட்டரிப் பக்கம் கெபாசிட்டரைச் சில்லுக்குக் கைவிரல் தூரத்தில் போடுங்கள். டையோடை மறந்தவருக்கு மட்டும் மருந்தில்லை. ஒரு மில்லிஹென்றி சுருளில் ஓடும் 10 ஆம்பியரை 0.1 மைக்ரோநொடியில் நிறுத்தப் பார்த்தால் கணக்குப்படி லட்சம் வோல்ட் எழ வேண்டும். 55 வோல்ட் தாங்கும் சில்லு அதற்கெல்லாம் வெகு முன்பே உடைந்திருக்கும்.

இப்போது உப்பு. மரக்காணம் உப்பளங்களிலிருந்து கழுவெளியைத் தாண்டி வானூர் வரை வாழும் நமக்கு இதுதான் உண்மையான ஆட்சேபம்: எலெக்ட்ரானிக் சாமான் எதுவும் இந்தக் காற்றில் தங்குவதில்லை, எதிர்ப்புக் கம்பியும் இரும்புச் சுவிட்சும் துருப்பிடித்தாலும் ஓடும். எப்படிச் சாகிறது என்று நெருங்கிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். காற்றோடு வரும் உப்புத் துகள் போர்டின் மேல் படிகிறது. உலர்ந்து கிடக்கும் வரை அதனால் தொல்லையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். நம் கரையில் அந்த அளவைத் தாண்டாத இரவு அபூர்வம். அப்போது போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று விரிகிறது. அது 24 வோல்ட் தடத்தையும் கேட் தடத்தையும் சேர்த்துவிட்டால், படலத்தின் எதிர்ப்பு 2 லட்சம் ஓமாக இருந்தாலும் போதும். கேட் இம்மியளவு மின்சாரத்துக்கும் மசியும். சர்க்யூட்டை அணைத்திருந்தாலும் கேட்டில் மெல்ல மெல்ல வோல்ட் ஏறும். 3, 4 வோல்ட் வந்ததும் மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறக்கும். அதாவது சுவிட்ச் நடுவில் போய் நின்றுவிடும். எதிர்ப்புக் கம்பியில் எரிந்த அதே 120 வாட் இப்போது நகத்தளவு சில்லுக்குள் எரியத் தொடங்கும். ஹீட்சிங்க் இல்லாத அந்தச் சில்லு வாட்டுக்கு 62 டிகிரி சூடேறும். சில நொடிக்குமேல் தாங்காது. காலையில் வந்து பார்ப்பவர் உப்பு தின்றுவிட்டது என்கிறார். உப்பு தின்னவில்லை, சுவிட்சை நடுவில் நிறுத்தியது, அவ்வளவே. இதற்குக் காவல் ஒன்று: கேட்டிலிருந்து தரைத் தடத்துக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர். 2 லட்சம் ஓம் படலம் வழியே கசிந்து வரும் வோல்ட்டை அது 1.1 அளவுக்குக் கீழே இழுத்து வைக்கும். 2 வோல்ட்டுக்குக் கீழே இந்த மாஸ்ஃபெட் திறக்காது. ஒரு ரூபாய்கூடப் பெறாத உருப்படி. மலிவான போர்டுகளில் முதலில் விட்டுவிடுவதும் இதையே.

அதற்கு மேல் போர்டுக்குப் பூச்சு வேண்டும். இங்கே தயாரிப்பாளர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பெட்டி முழுக்க எபாக்சியை ஊற்றி இறுக்கிவிட்டால் உப்பு உள்ளே வராது என்கிறார்கள். வராதுதான், சோல்டரிங் அயர்னும் வராது. ஒரு டையோடு போனாலும் மொத்தப் பெட்டியையும் குப்பையில் போட வேண்டும். எதிர்ப்புக் கம்பிக்கு ஆதரவாக வாதிடுபவர் சொல்வதில் இந்தப் பங்கு எனக்கு முழுச் சம்மதம்: அறுந்த கம்பியைக் கண்ணால் பார்த்து முறுக்கி இணைக்கலாம்; செத்த சில்லு செத்ததாக முகத்தில் காட்டாது. ஆனால் அதற்குப் பரிகாரம் பழைய கம்பிக்குத் திரும்புவதல்ல. அக்ரிலிக் வார்னிஷ் பூசினால் ஈரமும் நிற்கும், வேண்டும்போது அதைக் கரைத்தோ அதன் மேலேயே சூடு வைத்தோ சாமானை மாற்றவும் முடியும். வயர் பெட்டிக்குக் கீழ்ப்பக்கமாக நுழைந்து, நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சர்க்யூட்டும் பெரிய மர்மம் அல்ல. 1970களின் தொடக்கத்தில் ஹான்ஸ் கமென்சிண்டு வடிவமைத்த 555 என்ற டைமர் சில்லு இன்றும் கிடைக்கிறது. அதோடு இரண்டு சின்ன டையோடு, ஒரு கெபாசிட்டர், ஒரு குமிழ் ரெசிஸ்டர், ஒரு மாஸ்ஃபெட், ஒரு ஷாட்கி. அந்த 555இன் வெளிக்கால் 200 மில்லிஆம்பியர் வரை தரும் என்பதால் சின்ன மோட்டாருக்குத் தனி டிரைவரும் வேண்டாம். 12 வோல்ட் தெளிப்பானுக்கு இவ்வளவும் தாராளம். 24 வோல்ட்டுக்குப் போனால் 555க்கு மட்டும் 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். அது 15க்கு மேல் தாங்குவது உறுதியில்லை, மாஸ்ஃபெட்டின் கேட்டும் 20ஐத் தாண்டக் கூடாது.

வேகமே மாற்ற வேண்டாத வேலை நிறைய இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. உப்பளத்துப் பாத்திக்கு நீர் ஏற்றும் பம்பு முழுவேகத்தில் ஓடி நின்றால் போதும். அதற்கு மிதவைச் சுவிட்ச் போதும், இந்தச் சர்க்யூட் வேண்டியதில்லை. வேறு சிலர், பிரஷ் வைத்த டி.சி. மோட்டாரின் காலமே முடிந்துவிட்டது, இதைப் படிப்பானேன் என்பார்கள். பிரஷ் போகிறது என்பது சரி. போன இடத்தில் வந்து உட்கார்ந்தது எது என்று பாருங்கள். கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் 2012இல் கொண்டுவந்த சூப்பர்ஃபேன் 35 வாட்டில் ஓடியது. அதுவரை வீடுகளில் சுற்றிய சாதாரண விசிறி 75 வாட் ஒட்டி எடுத்தது. சுருளுக்கு மின்னோட்டத்தை மாற்றி மாற்றி விட்ட பிரஷும் கம்யூட்டேட்டரும் செய்த வேலையை அதில் மாஸ்ஃபெட்டுகள் செய்கின்றன. வேகம் துடிப்பின் அகலத்தால் மாறுகிறது. ஸ்கூட்டர் கன்ட்ரோலரைத் திறந்தால் மூன்று வயருக்கு ஜோடி ஜோடியாக மாஸ்ஃபெட்டுகள். 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ ரயிலின் மோட்டார் ஏ.சி.தான், ஆனால் அதற்கு வேண்டிய ஏ.சி.யை, விரும்பிய வேகத்துக்கு ஏற்ப, டி.சி.யை வெட்டித்தான் வண்டிக்குள்ளேயே செய்கிறார்கள். சில்லு பெரிது, வோல்ட் பெரிது, நடுவில் நிற்காதே என்ற விதி அதே. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 48 வோல்ட் சூரிய டி.சி. அமைப்பு, ராஜஸ்தானில் மின்கம்பி எட்டாத வீடுகளில் இன்வெர்ட்டரே இல்லாமல் விளக்கையும் விசிறியையும் ஓட்டியது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயலைக் கண்ட கரைக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல. கம்பம் சாய்ந்த பிறகு வீட்டில் மிஞ்சுவது பேட்டரிதான். அதில் இருப்பதை டி.சி.யிலிருந்து ஏ.சி.யாக்கி, விசிறிக்குள் மறுபடி டி.சி.யாக்கி, இரண்டு இடத்திலும் வரி கட்டிவிட்டு ஓட்டுவதைவிட, நேராக டி.சி. விசிறிக்குக் கொடுத்தால் அதே பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

கடைசியாக, இந்த முறை தானாகச் செய்யாத ஒன்று. துடிப்பு அகலம் சராசரி வோல்ட்டைப் பிடித்து வைக்கும், வேகத்தை அல்ல. பாரம் கூடினால் சுருளின் சொந்த எதிர்ப்பில் கொஞ்சம் வோல்ட் போய், வேகம் சற்றே இறங்கும். பேட்டரி 12.6இலிருந்து 11.5க்கு வந்தால் அதே குமிழ் நிலையில் பீய்ச்சலும் குறையும். நாளின் தொடக்கத்தில் அடித்த மருந்தின் அளவும் முடிவில் அடித்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் சர்க்யூட் வேகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தனி சென்சார் பொருத்தலாம். உப்புக்கு இரையாக இன்னொரு உருப்படி. மோட்டாரிடமே கேட்கும் வழியும் இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை, துடிப்பைச் சில மில்லிநொடி நிறுத்தி, டையோடு வழியே சுற்றும் மின்னோட்டம் அடங்கும் வரை காத்திருந்தால், மோட்டாரின் இரு முனைகளிலும் மிஞ்சி நிற்பது அதன் எதிர்விசை மட்டுமே. முதலில் பார்த்தபடி அது வேகத்துக்கு நேர்விகிதம். அதை அளந்து, குறைந்திருந்தால் அடுத்த துடிப்புகளை அகலமாக்க வேண்டும். அவசரப்பட்டு மின்னோட்டம் அடங்குமுன் அளந்தால் டையோடின் அரை வோல்ட்தான் தலைகீழாகத் தெரியும். மோட்டார் நின்றுவிட்டதென்று சர்க்யூட் நினைத்துக்கொண்டு முழுவேகத்துக்குத் தூக்கிவிடும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை மோட்டாரின் தூண்டமும் எதிர்ப்பும் தீர்மானிக்கும். 1 மில்லிஹென்றியும் அரை ஓமும் உள்ள மோட்டாருக்குத் தூண்டத்தை எதிர்ப்பால் வகுத்தால் 2 மில்லிநொடி என்று வரும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரில் எதிர்விசையும் சேர்ந்து மின்னோட்டத்தை அடக்குவதால் 3, 4 மில்லிநொடி விட்டு அளந்தால் போதும். அந்த நேரத்துக்குள் மோட்டாரின் வேகம் சொல்லும்படி குறையாது.